யாருடைய கோச்சி?

ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ரொறன்ரோவிலிருந்து, லண்டனிலிருந்து, சூரிச்சிலிருந்து, சில சமயம் சென்னையிலிருந்தும். விஷயம் ஒன்றுதான். மார்கழி விடுமுறைக்குக் குடும்பத்தோடு இலங்கை வருகிறோம், பிள்ளைகளுக்கு மலைநாட்டு ரயிலைக் காட்ட வேண்டும், எல்லவுக்கு டிக்கெட் எடுத்துத் தர முடியுமா? மலையகத்தான் ஒருவன், அதுவும் பத்திரிகைக்காரன், புகையிரத நிலையத்தில் நாலு பேரையாவது தெரிந்து வைத்திருக்க மாட்டானா என்ற நம்பிக்கை.

அண்மையில் பேராதனையில் என்னுடன் கலைப்பீடத்தில் படித்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் எழுதியிருந்தார். "மச்சான், முந்தின டிசம்பருக்கு ஜப்பான் போனனாங்கள். ஏழு நாளும் ரயில்தான். நிமிசக் கணக்குப் பிசகேல்லை. இந்த முறை உங்கட பக்கம். எல்ல ட்ரெயினுக்கு ஆறு சீற் வேணும். நெற்றில கிடைக்குதில்லை. ஆரும் ஆள் இருந்தால் சொல்லு, காசு கூடக் குடுக்கலாம்."

அவருடைய அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நண்பர் நல்லவர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். தம் பிள்ளைகளுக்குத் தாய்நாட்டைக் காட்ட ஆசைப்படும் ஒரு தகப்பன். ஆனால் "காசு கூடக் குடுக்கலாம்" என்ற அந்த மூன்று சொற்களால், அந்தப் பாதையின் இரு மருங்கிலும் வாழும் மக்கள் தங்கள் ஊர்க் கோச்சியிலேயே நின்றுகொண்டு போக நேர்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் பலர். தெரிந்தும் பேசாமல் இருப்பவர்கள் அதிலும் பலர்.

(கோச்சி என்றால் என்ன என்று தமிழக வாசகர்கள் கேட்கக்கூடும். மலையகத்தில் புகைவண்டிக்கு நாங்கள் வழங்கும் பெயர் அது. பத்திரிகையில் "புகையிரதம்" என்று எழுதுவேன். வீட்டில் கோச்சி என்றுதான் சொல்வேன்.)

*

நான் பிறந்தது றொசல்ல புகையிரத நிலையத்துக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில். நாவலப்பிட்டியைக் கடந்து கோச்சி மலையேறத் தொடங்கினால் இங்குருஓயா, கலபொட, வட்டவளை என்று வரும் நிலையங்களுக்குப் பிறகு, ஹற்றனுக்கு முன்னதாக, றொசல்ல. சுற்றுலாக் கையேடுகளில் இந்தப் பெயர் பெரும்பாலும் இராது. வண்டியில் வருகிற வெளிநாட்டவருக்கு அது ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் தோன்றி மறைகிற பெயர்ப் பலகை. எங்களுக்கு அதுவே உலகத்தின் வாசல். ஆஸ்பத்திரிக்கும், உயர்தர வகுப்புக்கும், கொழும்புக் கடை வேலைக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் அந்த மேடையில் நின்றுதான் போனோம்.

இந்தப் பாதை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 1865இல் வண்டி ஓடியது. 1867இல் கண்டி. 1874இல் நாவலப்பிட்டி. 1884இல் ஹற்றன். மறு ஆண்டே நானுஓயா. 1894இல் பண்டாரவளை. கடைசியாகப் பதுளையை எட்டியது 1924இல். ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளப் பாதைக்கு அறுபது ஆண்டுகள். இதில் பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு அகலப் பாதையைக் கொண்டு போயிருக்கிறார்கள்.

யாருக்காக? இயற்கைக் காட்சியை இரசிப்பதற்காக எந்தத் துரையும் தண்டவாளம் போடவில்லை. கண்டி மலைகளில் விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் கண்ட நோய் சில ஆண்டுகளில் அந்தப் பயிரையே அழித்துவிட்டது. பாதை ஹற்றனை எட்டிய போது கோப்பி செத்துக்கொண்டிருந்தது, தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே கோப்பிக்காகத் தொடங்கிய பாதை தேயிலையை ஏற்றிக்கொண்டு இறங்கியது. பாறையை உடைத்தவர்களிலும், மண் சுமந்தவர்களிலும், சுரங்கம் தோண்டியவர்களிலும் பெருந்தொகையினர் தென்னிந்தியத் தமிழ்க் கூலிகள். ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமுள்ள சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். கூச்சலிடட்டும். ஆனால் அந்த இருட்டைக் குடைந்தது யார் என்று வெளிச்சம் வந்த பிறகாவது ஒரு தகப்பன் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லிக் கொடுக்கலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்கள் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் மனிதர்களைப் பங்கு பிரித்தன. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. பங்கு பிரிக்கப்பட்டவர்களை ஏற்றிச் சென்றதும் இதே கோச்சிதான். மலையிலிருந்து இறங்கி, பொல்கஹவெல, மாகோ, மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். 1984இல் கப்பல் நின்று போகும் வரை இது நடந்தது.

அந்த வண்டிக்கு எங்கள் ஊர்களில் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர். றொசல்ல மேடையில் அந்த ஒப்பாரியைச் சிறு பையனாக நின்று நான் கேட்டிருக்கிறேன். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தவர்கள். அண்ணன் பெயர் இந்தியப் பட்டியலில், தம்பி பெயர் இலங்கைப் பட்டியலில். வண்டி நகரத் தொடங்கியதும் மேடையில் நின்ற பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள். மேடை முடியும் இடத்தில் பிடி விட்டுப்போகும். போனவர்களில் சிலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி கொழுந்து பறிக்கப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சிலர் இதை வாசிக்கவும் கூடும்.

இன்றைக்கு அதே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மிதிபலகையில் நின்று, உடம்பை வெளியே வளைத்துப் படம் எடுக்கிறார்கள். அப்படித் தொங்கி விழுந்து இறந்த வெளிநாட்டவரும் உண்டு. அவர்களைப் பழிக்க நான் வரவில்லை. ஒரு பாதைக்கு இத்தனை நினைவுகள் இருக்கும்போது, உலகத்துக்குத் தெரிந்த ஒரே நினைவு அந்தப் படமாக இருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

*

வருத்தத்தை விடுவோம். கணக்குக்கு வருவோம்.

ஆசனப் பதிவு பயண நாளுக்கு முப்பது நாட்களுக்கு முன்னர் திறக்கப்படுகிறது. 2025 ஜனவரியில் அரசாங்கமே பகிரங்கமாகச் சொன்ன செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். எல்ல செல்லும் வண்டிக்கான சீட்டுகள் இணையத்தில் திறந்து 42 நொடிகளில் தீர்ந்துபோகின்றன. 2,000 ரூபாச் சீட்டு 16,000 ரூபாவுக்கு வெளிநாட்டவரிடம் விற்கப்படுகிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடத்தியது, கைதுகளும் நடந்தன.

42 நொடிகளில் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தால் பெயர்களைக்கூடத் தட்டச்சு செய்து முடிக்க முடியாது. எனவே வாங்கியவை குடும்பங்கள் அல்ல. மொத்தமாக அள்ளியவர்கள், பிறகு சில்லறையாக விற்றார்கள். என் நண்பர் தேடும் "ஆள்" இந்த வரிசையின் கடைசியில் நிற்பவன். அவனிடம் கூடுதலாகக் கொடுக்கும் 14,000 ரூபாவில் ஒரு சதமும் புகையிரதத் திணைக்களத்துக்குப் போவதில்லை. தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளிக்குப் போவதில்லை. தோட்டத்துக்குப் போவதில்லை.

இன்னொரு கணக்கு. அந்த ஜனவரியில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா. அதுவும் தோட்டம் விதித்த கிலோக் கணக்குக்குக் கொழுந்து நிறைந்தால். 16,000 ரூபா என்பது கிட்டத்தட்டப் பன்னிரண்டு நாட்சம்பளம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கிலும் ஒரு கறுப்புச் சந்தைச் சீட்டு ஒன்பது நாள் உழைப்பு. அட்டை கடிக்க, மழையில் படங்கு கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு சரிவில் நின்ற ஒன்பது நாள்.

சரி, தோட்டத்துச் சனம் முன்பதிவுப் பெட்டியில் போக வேண்டும் என்று யார் கேட்டது, மூன்றாம் வகுப்பில் போகட்டுமே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போகத்தான் போகிறார்கள். அங்கே என்ன நிலைமை? முன்பதிவில் இடம் கிடைக்காத சுற்றுலாப் பயணிகளும் அந்தப் பெட்டிகளுக்கே வந்து சேர்கிறார்கள். அதே மார்கழியில் உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைப் பருவமும் தொடங்கிவிடுகிறது. யாத்திரிகர்கள் ஹற்றனில் இறங்கித்தான் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போக வேண்டும். பாடசாலை விடுமுறையும் அப்போதுதான். அதைத் தொடர்ந்து தைப்பொங்கல். கொழும்பின் புடைவைக் கடைகளிலும், ஹோட்டல்களிலும், பெரிய வீடுகளின் குசினிகளிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் ஊர் திரும்பும் காலம் அது. வருஷத்தில் அவர்களுக்கு இரண்டே தடவை லீவு. ஒன்று தீபாவளி, மற்றது பொங்கல். கையில் அம்மாவுக்கு ஒரு சேலை, தங்கச்சிக்கு ஒரு சட்டை. ஹற்றனுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரமும் மலசலகூட வாசலில் நின்றுகொண்டு வருகிறார்கள். இது ஓர் ஆண்டு நடந்த விபரீதம் இல்லை. ஆண்டாண்டாக நடப்பது.

*

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களை நான் அறியாதவன் அல்லன். அவற்றில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாமல் வரிசையில் நின்ற நாடு இது. சுற்றுலாப் பயணி டொலர் கொண்டு வருகிறான். 2025இல் வந்தவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். புகையிரதத் திணைக்களமோ நட்டத்தில் ஓடுகிறது. காட்சி பார்க்க வருபவனுக்கு அதிக விலையில் நல்ல ஆசனம் கொடுத்து அந்த நட்டத்தை ஈடு செய்வதில் என்ன பிழை?

ஒரு பிழையும் இல்லை. தாராளமாகச் செய்யட்டும். சுற்றுலாவுக்கென்று தனி வண்டி விடட்டும், தனி விலை வைக்கட்டும். நான் கேட்பது இரண்டே இரண்டு. அந்த அதிக விலை திணைக்களத்தின் பெட்டிக்கு வருகிறதா? அந்த வண்டிக்கான பெட்டிகளும் இயந்திரமும் சாதாரண வண்டியிலிருந்து கழற்றப்பட்டவையாக இல்லாமல் இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

டொலர் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். 2024இல் தேயிலை ஏற்றுமதி இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தது 140 கோடி டொலர் அளவில். ஜன்னலுக்கு வெளியே பச்சையாகத் தெரிகிறதே, அது பூங்கா இல்லை, தொழிற்கூடம். வண்டிக்குள் நின்றுகொண்டு வருகிற பெண்ணும் டொலர் கொண்டு வருபவள்தான்.

என் நண்பர் மெச்சிய ஜப்பானையே பார்ப்போம். 2023 ஒக்டோபரில் அங்கே வெளிநாட்டவருக்கான ஏழு நாள் ரயில் அனுமதிச் சீட்டின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தினார்கள். உலகமெங்கும் பயணிகள் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தப் பணம் நேரே ரயில் நிறுவனங்களுக்குப் போகிறது. நடுவில் "ஆள்" கிடையாது. ஷின்கான்சென் வண்டிகளில் முன்பதிவில்லாப் பெட்டிகள் என்று தனியாக உண்டு. ஆண்டிறுதி நெரிசல் நாட்களில் நொசோமி வண்டிகளை முழுவதும் முன்பதிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்போதும் ஹிகாரி, கொடாமா வண்டிகளில் முன்பதிவில்லாப் பெட்டிகள் இருக்கின்றன. ஊர்க்காரன் முப்பது நாளைக்கு முன் கணினிக்கு முன்னால் தவம் கிடக்க வேண்டியதில்லை.

ஜப்பான் சொர்க்கமும் இல்லை. ஹொக்கைடோவில் ஆள் குறைந்து போனதால் பாதைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் புக்குஷிமா மாகாணத்து மலைகளில் ததாமி என்றொரு பாதை உண்டு. 2011 ஜூலை மழை வெள்ளத்தில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டு அதன் ஒரு பகுதி நின்றுபோனது. நட்டம் தரும் பாதை, பேருந்து விட்டால் போதும் என்ற வாதம் அங்கேயும் எழுந்தது. மாகாண அரசும் ஊர் மன்றங்களும் தண்டவாளத்தைத் தம் பொறுப்பில் எடுத்து, பராமரிப்புச் செலவையும் ஏற்று, பதினோர் ஆண்டுகளுக்குப் பின் 2022 ஒக்டோபர் முதலாம் திகதி மறுபடி வண்டியை ஓட விட்டார்கள். குளிர்காலத்தில் பனி மூடிய அந்தப் பாலங்களைப் படம் எடுக்க உலகமே போகிறது. படத்துக்கு உரிய வருமானமும் வருகிறது, ஊருக்கு உரிய வண்டியும் ஓடுகிறது. அங்கே ஊரார் தங்கள் வண்டியைத் தங்களுடையது என்று உரிமை கொண்டாட முடிந்தது. எங்கள் கோச்சியை எங்களுடையது என்று சொல்ல எந்தச் சபையில் எங்களுக்கு இடம் இருக்கிறது?

*

மழையால் சிதைந்த பாதை என்றதும் டித்வா நினைவுக்கு வராமல் இருக்காது. 2025 நவம்பர் இறுதியில் அந்தப் புயல் நாட்டைக் கடந்தபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மலையகப் பாதை பல இடங்களில் மண்ணுக்குள் போனது. சில இடங்களில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. லயங்கள் புதைந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளைக்காரன் கட்டிய காம்பராக்கள் அவை. உள்ளே இருந்தவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை. வீடு இடிந்தவனுக்கு நட்டஈடு என்றால், வீடே தன் பெயரில் இல்லாதவனுக்கு என்ன என்ற கேள்வியோடு அவர்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் படுத்திருந்தார்கள்.

அந்த வாரங்களிலும் எனக்குக் கடிதங்கள் வந்தன. உதவி அனுப்ப வழி கேட்டவை பல. அவர்களுக்கு என் நன்றி. ஆனால் எல்லக் கோச்சி மறுபடி எப்போது ஓடும், முன்பதிவுப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டவையும் சில இருந்தன. பாதை உடைந்தால் விடுமுறை கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. பாதை உடைந்தால் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, மரக்கறி சந்தைக்குப் போகாது, பிள்ளை பரீட்சை எழுதப் போக முடியாது என்பது எங்கள் கவலை. பாதையைத் திருத்துவதற்கான நியாயமாக "சுற்றுலாத் துறை பாதிக்கப்படும்" என்பது சொல்லப்படும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. பாதையோரத்து மக்கள் அந்த நியாயத்தில் எத்தனையாவது வரியில் வருகிறார்கள்?

*

இனி, குடும்பத்தோடு வர விரும்புகிறவர்களுக்கு. வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள், ஆனால் இப்படித் திட்டமிடுங்கள்.

முதலாவது, கறுப்புச் சந்தையில் வாங்காதீர்கள். ஒரு சீட்டுக்கூட. முன்பதிவு கிடைக்காவிட்டால் அந்த நாள் உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பொங்கலுக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களையும், பௌர்ணமி விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள். உங்களுக்கு அது ஒரு நாள் மாற்றம். எங்கள் பிள்ளைகளுக்கு வேறு நாள் கிடையாது.

மூன்றாவது, ஒரே மூச்சில் எல்லவுக்குப் போகத்தான் வேண்டுமா? நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றன் வரை, ஹற்றனிலிருந்து நானுஓயா வரை என்று துண்டு துண்டாக, வார நாட்களில், சாதாரண வண்டியில், மூன்றாம் வகுப்பில் போங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் பேசுவார்கள். அவர்களுக்கு நீங்கள் எத்தனை சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தினாலும் கிடைக்காத பாடம் அது. நுவரெலியாவுக்கு வண்டி போகாது. அங்கே போன சிறு பாதையை 1940களிலேயே கைவிட்டுவிட்டார்கள். நானுஓயாவில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். தை மாத அதிகாலைகளில் அங்கே தேயிலையைக் கருக்கும் அளவுக்கு உறைபனி விழும். கம்பளிச் சட்டை கொண்டு வாருங்கள்.

நான்காவது, ஒரு சின்ன நிலையத்தில் இறங்குங்கள். றொசல்லவில் இறங்குங்கள். எந்த வண்டி நிற்கும், எது நிற்காது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் எங்கள் பக்கத்துச் சரிவில் தென்மேல் பருவமழையின் அடைமழை இராது. காலையில் மூட்டம் விலகினால் நல்ல வெயில். கடையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடுங்கள். ஒரு பிளேன்ரீ குடியுங்கள். அந்தக் கடைக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் நூறு ரூபா அந்த ஊரிலேயே நிற்கும். ஆனால் அழைக்காமல் லயத்துக்குள் போகாதீர்கள். கேட்காமல் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் எடுக்காதீர்கள். அவள் வேலையில் இருக்கிறாள். உங்கள் அலுவலகத்துக்குள் ஒருவன் நுழைந்து நீங்கள் வேலை செய்வதைப் படம் எடுத்தால் விடுவீர்களா?

ஐந்தாவது, புறப்படும் வாரத்தில் பாதை எது வரை திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மலைப்பாதையில் மழைக்காலம் வரும் எந்த ஆண்டுக்கும் இது பொருந்தும். மூடியிருந்தால் கோபிக்காதீர்கள். மண்வெட்டியோடு அங்கே நிற்பவனும் குடும்பஸ்தன்.

*

பயணிகளின் நல்ல மனத்தை மட்டும் நம்பி எந்த அநியாயமும் தீர்ந்ததில்லை. ஆகவே அரசுக்கும், மலையகத்தின் பெயரால் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள்.

சீட்டில் பெயரும் அடையாள எண்ணும் பதிந்தால் மட்டும் போதாது. பெட்டிக்குள் ஒருவர் வந்து அதைச் சரிபார்க்க வேண்டும். சீட்டுக்கு உரியவர் வராவிட்டால் அந்த ஆசனம் நின்றுகொண்டிருப்பவருக்குப் போக வேண்டும். புதிதாகச் சுற்றுலா வண்டி விடும்போதெல்லாம் அதே பாதையில் முன்பதிவில்லாப் பெட்டிகள் எத்தனை கூட்டப்பட்டன, எத்தனை குறைக்கப்பட்டன என்று பகிரங்கமாகக் கணக்குக் காட்டுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து மலையகத்துக்கு முன்பதிவே இல்லாத விசேட வண்டிகள் ஓடட்டும். அவை வட்டவளையிலும் றொசல்லவிலும் கொட்டகலையிலும் வட்டகொடையிலும் நிற்கட்டும். சுற்றுலா வண்டியின் வருமானத்தில் ஒரு பங்கை இந்தச் சின்ன நிலையங்களின் கூரைக்கும் மலசலகூடத்துக்கும் ஒதுக்குங்கள். டித்வாவில் வீடிழந்தவர்களுக்குக் காணி உறுதி கொடுத்துக் குடியமர்த்துங்கள். பாதையைத் திருத்தும் அவசரத்தில் பாதியாவது அதில் காட்டுங்கள்.

1823இல் தொடங்கியதாகக் கணக்கிடப்படும் எங்கள் வருகையின் இருநூறாம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே மக்கள் நடந்தார்கள். புகையிரதம் வருவதற்கு முன்னர் எங்கள் பாட்டன்மார் காட்டு வழியே நடந்துதான் மலைக்கு வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் பாதை போட்டார்கள். அடுத்த தலைமுறையை அதே பாதையில் ஏற்றி நாடு கடத்தினார்கள். எஞ்சிய தலைமுறை அந்த வண்டியில் ஓர் ஆசனம் கேட்கிறது, அதுவும் இலவசமாக இல்லை, சீட்டுக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு. இதைக் கேட்பது அதிகம் என்று நினைக்கிறவர்கள், பொங்கலுக்கு முதல்நாள் காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை வண்டி புறப்படும் மேடைக்கு வந்து, யார் உட்கார்ந்து போகிறார்கள், யார் நின்றுகொண்டு போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.